‘முந்தின வாரம்’ என்பது கழிந்த வாரமா, வரப்போகும் வாரமா?

கேள்வி: தேன்கனிக்கோட்டை வாசகி

வணக்கம். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரில் மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவுக் கணக்கையும் நான் எழுதி வருகிறேன். எங்கள் குழுவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் கலந்திருக்கிறார்கள். கூட்டம் நடப்பதும் எழுதுவதும் தமிழில்தான்.

அண்மையில் ஒரு கூட்டத்தில், “முந்தின வாரத் தவணையைக் கட்டாத உறுப்பினர்கள் இன்றே கட்ட வேண்டும்” என்று எழுதியிருந்ததை வாசித்தபோது, கன்னடம் பேசும் அக்கா ஒருவர், வரப்போகிற வாரத்தின் தவணையை இன்றைக்கே கேட்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். தமிழ் பேசும் உறுப்பினர்களுக்கு அவர் சொல்வதே விளங்கவில்லை. அவருடைய பாஸ்புக்கை விரித்து, கையெழுத்து இல்லாமல் வெறுமையாக இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான், இரு தரப்பினரும் வேறு வேறு வாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. பணத்தைப் பற்றிய பேச்சு என்பதால் அந்த அக்காவின் மனம் நொந்துவிட்டது. எனக்கும் அது வருத்தமாகவே இருக்கிறது.

தமிழில் ‘முந்தின’ என்ற சொல்லுக்குக் ‘கழிந்த’ என்ற பொருள் உறுதியானதுதானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். முகத்துக்கு நேரே இருப்பதை ‘முன்’ என்கிறோம். ‘முன்னேறு’ என்றால் இனிப் போகவேண்டிய திசையில் போ என்கிறோம். அப்படியிருக்க, நடந்து முடிந்த காலத்தை ‘முன்’ என்று சொல்வது எதனால்? பக்கத்து மொழியில் அதே சொல் நேர்மாறாகப் பொருள்படுவதற்குக் காரணம் உண்டா? இவற்றோடு, “15-ஆம் தேதிக்கு முன் கட்டவும்” என்று எழுதினால் 15-ஆம் தேதியன்று கட்டுவது சேருமா என்ற கேள்வியும் குழுவில் எழுந்திருக்கிறது. மூன்று மொழியினரும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளும்படி எழுத வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தருமபுரி

அம்மா, ‘முந்தின’ என்பதற்குக் ‘கழிந்த’ என்பது நேர்ப்பொருள் அன்று. ‘குறிப்பிட்ட ஒன்றுக்கு முன்னதாக அமைந்த’ என்பதே நேர்ப்பொருள். கழிந்தது என்ற கருத்து சூழலால் வந்து சேர்வது. பொங்கலுக்கு முந்தின நாள் போகி என்கிறோம். வரப்போகும் பொங்கலைப் பற்றிப் பேசும்போதும் போகி முந்தின நாள்தான், அது இன்னும் வராத நாளாக இருந்தபோதிலும்.

முன், பின் என்னும் சொற்கள் இடத்தையும் காலத்தையும் ஒருசேரக் குறிப்பது பழைய வழக்கு. ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள்களை அடுக்கிச் சொல்லும் தொல்காப்பிய நூற்பாவில் கால், பின், முன், கடை ஆகியவை வருகின்றன. வினையியலில் “பின்முன் கால்கடை வழியிடத்து” என்று தொடங்கும் நூற்பாவில் அதே சொற்கள் காலம் கருதி வினையோடு சேர்வனவாக மீண்டும் வருகின்றன. திருக்குறளின் 435-ஆம் குறள் இதற்கு நல்ல சான்று: “வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்.” வருமுன்னர் என்பது காலம், எரிமுன்னர் என்பது இடம். ஒரே சொல் ஒரே குறளில் இரு பொருளில் நிற்கிறது, படிக்கிறவர் எவருக்கும் மயக்கம் வருவதில்லை.

மயக்கம் வராததற்கு இலக்கணம் துணை நிற்கிறது. “கோயில் முன் கூடினார்கள்” என்றால் இடம். “திருவிழாவுக்கு முன் கூடினார்கள்” என்றால் காலம். முன்னால், முன்னாடி என்று பேச்சில் வரும்போது இந்த எல்லை தளர்ந்து, ‘கோயிலுக்கு முன்னாடி’ என்பது இடத்துக்கும் வழங்குகிறது. ஆனால் நிகழ்ச்சியின் பெயரோடு காலப்பொருளில் வரும்போது ‘கு’ உருபை நாம் விடுவதில்லை. ‘பொங்கல் முன்’ என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

வினையோடு சேரும்போது இதைவிட நுட்பமான ஒன்று நிகழ்கிறது. ‘வரும் முன்’ என்போம், ‘வந்த முன்’ என்னமாட்டோம். ‘வந்த பின்’ என்போம், ‘வரும் பின்’ என்னமாட்டோம். நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் “மழை வருமுன் களத்து ராகியை அள்ளிவிட்டோம்” என்கிறோம். நாளை நடக்கப்போவதைச் சொல்லும்போதும் “மழை பெய்த பின் விதைப்போம்” என்கிறோம். நேற்றைய மழைக்கு ‘வரும்’ என்பதும் நாளைய மழைக்கு ‘பெய்த’ என்பதும் பொருந்துவது எப்படி? அந்த எச்சங்களின் காலம் பேசுகிறவர் நிற்கும் இன்றைய நாளிலிருந்து அளக்கப்படவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளில் எது முதலில், எது அடுத்து என்பதிலிருந்து அளக்கப்படுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. காலத்தைப் பற்றிப் பேசும்போது தமிழில் முன், பின் என்பவை நம் முகத்தையும் முதுகையும் வைத்து ஏற்பட்டவை அல்ல. வரிசையை வைத்து ஏற்பட்டவை. சந்தைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வண்டிகளில் முன்வண்டி முதலில் போய்ச் சேருகிறது, பின்வண்டி பிறகு வந்து சேருகிறது. சாலையோரம் நிற்கிற நாம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அந்த வரிசை மாறுவதில்லை. அண்ணனை முன்னவன் என்பதும் தம்பியைப் பின்னவன் என்பதும், இறந்துபோன தலைமுறையினரை முன்னோர் என்பதும் இந்தக் கணக்கில்தான்.

இன்னும் ஒன்று. ‘போன வாரம்’ என்பது இன்றைய நாளிலிருந்து அளப்பது. ‘முந்தின வாரம்’ என்பது பேச்சில் குறிப்பிட்ட ஒரு வாரத்திலிருந்து அளப்பது. நாளை என்பதற்கும் மறுநாள் என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ‘முந்தாநாள்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: அது நேற்றைக்கு முந்தின நாள். இன்றைக்கு முந்தினது நேற்றுதான் என்றாலும், நேற்றை முந்தாநாள் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே, எதற்கு முந்தினது என்று சொல்லாமல் ‘முந்தின வாரம்’ என்று தனித்து எழுதினால், கன்னடமே அறியாத தமிழருக்கும்கூட அது சென்ற வாரமா, சென்ற வாரத்துக்கு முந்தின வாரமா என்ற ஐயம் எழ இடமுண்டு.

பதில்: தளி வாசகர்

எங்கள் வீட்டில் கன்னடம் பேசுகிறோம். நான் பள்ளியில் படித்தது தமிழ். அந்த அக்காவின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

கன்னடத்தில் ‘முந்தின வார’ என்றால் வரப்போகும் வாரம். அதில் ஐயத்துக்கே இடமில்லை. கழிந்த வாரம் ‘ஹிந்தின வார’. ‘முந்தெ’ என்றால் இனி வரும் காலத்தில் என்று பொருள். ‘எரடு வர்ஷத ஹிந்தெ’ என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்று பொருள். தமிழர் முன் என்னும் இடத்தில் நாங்கள் பின் என்கிறோம். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறியிருப்பதால் (பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி) ஹிந்தெ என்பது உங்கள் ‘பின்’னோடு ஒரே வேரிலிருந்து வந்த சொல்தான். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் ‘முந்தின வார’ என்பதற்கும் ‘முந்தின வாரம்’ என்பதற்கும் கடைசி மகர ஒற்று ஒன்றுதான் வேறுபாடு. பேச்சில் அந்த மகரமும் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுவதால், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கன்னடமாகவே கேட்கிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: எங்கள் கிராமப் பேச்சில் சொல்லின் தொடக்கத்து ஹகரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ‘இந்தின வார’ என்று நாங்கள் கழிந்த வாரத்தைச் சொன்னால், தமிழ்க் காதுக்கு அது ‘இந்த வாரம்’ போலக் கேட்கும்.

ஆனால் கன்னடம் எல்லா இடத்திலும் தமிழுக்கு நேர்மாறு என்று கொள்வது சரியாகாது. ஆசிரியர் ஐயா சொன்ன வரிசைக் கணக்கு எங்கள் மொழியிலும் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைக்கு ‘முங்காரு’ என்று பெயர். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு ‘ஹிங்காரு’ என்று பெயர். முதலில் வருவது முன், அடுத்து வருவது பின். தமிழில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று இருப்பதைப் போலவே. ஒரு விழாவுக்கு முந்தின நாள் ‘முன்னாதின’. அதற்கு முன் என்பதற்கு ‘முஞ்செ’, ‘முன்ன’ என்ற சொற்கள் உண்டு. அதாவது ஒரு நிகழ்ச்சியை நிறுத்தி வைத்து அளக்கும்போது கன்னடமும் தமிழைப் போலவே பேசுகிறது. பேசுகிறவர் தம்மை நடுவில் நிறுத்தி அளக்கும்போதுதான் ‘முந்தெ’ வரப்போகும் காலமாகவும் ‘ஹிந்தெ’ கழிந்த காலமாகவும் ஆகின்றன. தமிழிலும் ‘நம் முன் இருக்கும் பணிகள்’ என்று சொல்லும்போது அந்த இரண்டாவது பார்வை எட்டிப் பார்க்கிறது. ஆனால் வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் பெயரோடு அது சேருவதில்லை.

அறிவிப்புப் பலகை எழுதுகிறவர்கள் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். ஒரு கூட்டத்தைத் தள்ளிவைப்பதைக் கன்னடத்தில் ‘முந்தூடு’ என்பார்கள். முன்னே தள்ளுதல் என்பது அதன் சொற்பொருள். இலங்கைத் தமிழில் அதே செயலைப் ‘பிற்போடு’ என்கிறார்கள். தேதி ஒரே பக்கமாகத்தான் நகர்கிறது, சொற்கள் எதிரெதிர்ப் பக்கமாகப் போகின்றன.

தீர்வு எங்கள் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. கழிந்த வாரத்தைக் கன்னடத்தில் ‘ஹோத வார’ என்றும் வரப்போவதை ‘பருவ வார’ என்றும் சொல்கிறோம். தெலுங்கில் ‘போயின வாரம்’, ‘வச்சே வாரம்’ என்கிறார்கள். தமிழில் போன வாரம், வரும் வாரம். மூன்று மொழியிலும் போவதும் வருவதும் ஒன்றுபோலவே பொருள்படுகின்றன. தெலுங்கில் ‘முந்து’ என்பதும் இரு பக்கமும் போகக்கூடிய சொல்தான்: ‘முந்து ரோஜு’ என்றால் முந்தின நாள், ‘முந்து முந்து’ என்றால் இனிவரும் நாட்களில். ஆகையால் உங்கள் குழுவில் முன், பின் இரண்டையும் வாரத்தின் பெயரோடு சேர்க்காமல் இருப்பதே நல்லது.

பதில்: கல்வெட்டு ஆர்வலர், அரூர்

மேலே சொன்ன ‘போன’, ‘வரும்’ என்ற சொற்களில் நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம், காலம் நம்மை நோக்கி வந்து நம்மைக் கடந்து போகிறது. ‘எதிர்காலம்’ என்ற சொல்லும் இந்தப் பார்வையில் பிறந்ததுதான். நமக்கு எதிரே வந்துகொண்டிருக்கிற காலம் அது. தொல்காப்பியம் முக்காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று சொல்கிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த ‘எதிர்’ ஆண்டுக் கணக்கிலும் வரும். “யாண்டு இரண்டாவதின் எதிர் பத்தாவது” என்று எழுதியிருந்தால், இரண்டாம் ஆட்சியாண்டுக்குப் பின் வந்த பத்தாவது ஆண்டு என்று கொண்டு, இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டாம் ஆண்டு என்று படிக்க வேண்டும். ‘எதிர்’ என்பதற்கு இங்கே மாறுபாடு என்ற பொருள் சிறிதும் இல்லை. தொடர்ந்து வருவது என்பதே பொருள்.

நுளம்பர் என்ற அரச மரபினர் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகளும் தமிழ் நடுகற்களும் தகடூர்ப் (இன்றைய தருமபுரி) பகுதியில் கிடைக்கின்றன. இரு மொழியினரும் இங்கே அடுத்தடுத்து வாழ்ந்து வருவது புதிதன்று என்பதால், அந்த அக்காவுக்கு நேர்ந்ததைப் படிப்பறிவுக் குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஆவண எழுத்தர், கிருஷ்ணகிரி

தேதியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். “15-ஆம் தேதிக்கு முன்” என்றால் 15 சேராது. 14-ஆம் தேதியோடு முடிந்தது. “15-ஆம் தேதி வரை” என்றால் 15 சேரும். “15-ஆம் தேதிக்குள்” என்பதைப் பெரும்பாலோர் 15-ஐச் சேர்த்தே கொள்கிறார்கள், ஆனால் தகராறு வருவது இந்த ‘உள்’ளில்தான். “15-ஆம் தேதி மாலை 5 மணிக்குள்” என்று மணியையும் எழுதிவிட்டால் அந்த நாள் சேர்ந்ததா என்று கேட்க வழியில்லை.

‘முதல்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் “1-4-2024 முதல் 28-2-2025 வரை” என்று எழுதினால், ஏப்ரல் 1-ஆம் தேதியும் கணக்கில் உண்டு என்பதே நம் மக்களின் புரிதல். ஆனால் மத்தியச் சட்டங்களில் ‘இந்நாளிலிருந்து’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் வந்தால் தொடக்க நாளை விலக்கி எண்ண வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9-ஆவது பிரிவு வகை செய்கிறது. எனவே நான் எழுதும் ஒப்பந்தங்களில் “இரு நாட்களும் உட்பட” என்று சேர்க்காமல் விடுவதில்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன இடமும் காலமும் ஒரே பத்திரத்தில் எப்போதும் அருகருகே வருகின்றன. “இதற்கு முன் யாதொரு வில்லங்கத்துக்கும் உட்படுத்தவில்லை” என்பது காலம். அதன் கீழே “சாட்சிகள் முன்னிலையில்” என்பது இடம். ஆனால் ‘முந்தின பத்திரம்’ என்று வெறுமனே எழுதுவதில்லை. ஒரு நிலம் பல கை மாறியிருக்கும். எத்தனையாவது கைக்கு முந்தினது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. பத்திர எண்ணையும் ஆண்டையும் பதிவு செய்த அலுவலகத்தையும் எழுதுகிறோம். நீங்களும் வாரத்துக்குப் பெயர் சொல்வதைவிடத் தேதியை எழுதிவிடுங்கள்.

மறுமொழி: தேன்கனிக்கோட்டை வாசகி

எல்லோருக்கும் நன்றி. தளியிலிருந்து எழுதியவரின் விளக்கத்தை அந்த அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘ஹோத வார’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பேனே என்றார். அடுத்த கூட்டத்துக்கு இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன்: “போன வாரத்துக்குரிய (7-ஆம் தேதி திங்கள் முதல் 13-ஆம் தேதி ஞாயிறு வரை) தவணையைக் கட்டாத உறுப்பினர்கள் 15-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும்.” இது சரிதானா? மேலும், ‘அடுத்த வாரம்’ என்று எழுதுவதில் ஏதும் சிக்கல் உண்டா? கூட்ட நாளை மாற்றும்போது ‘முன்தேதியிட்டு’ என்று எழுதலாமா என்றும் ஓர் உறுப்பினர் கேட்டார்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தருமபுரி

நீங்கள் எழுதியிருப்பது சரி. ‘அடுத்த’ என்பது அடுத்தல், அதாவது ஒட்டி இருத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. ‘அடுத்த வீடு’ இடப்பக்கமும் இருக்கலாம், வலப்பக்கமும் இருக்கலாம். ஆனால் காலத்தில் ‘அடுத்த’ எப்போதும் பின்னால் வருவதையே குறிக்கும். ஆகையால் ‘அடுத்த வாரம்’ என்பதில் திசைக் குழப்பம் இல்லை. கிழமையோடு சேரும்போதுதான் சிக்கல் எழும். இன்று சனிக்கிழமையாக இருந்து ‘அடுத்த திங்கள்’ என்று சொன்னால், நாளை மறுநாள் வரும் திங்களா, அதற்கும் அடுத்த திங்களா என்று கேட்பவர் தயங்குவார். அங்கே தேதி வேண்டும்.

‘முன்தேதியிட்டு’ என்பதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஊதிய உயர்வை முன்தேதியிட்டு வழங்கினார்கள் என்று செய்தித்தாளில் வருவது, ஆணை பிறந்த நாளுக்கும் முற்பட்ட ஒரு நாளிலிருந்தே அது செல்லும் என்பதைச் சொல்வதற்காக. காசோலையிலும் அப்படியே, எழுதிய நாளுக்குப் பிற்பட்ட தேதியைப் போட்டால் அது பின்தேதியிட்ட காசோலை. கூட்டம் நடக்கும் நாளை மாற்றுவது வேறு செயல். ‘முன்னுக்கு மாற்றப்பட்டது’ என்று எழுதினால், முந்தூடு என்ற சொல் காதில் பழகிய உறுப்பினர் கூட்டம் தள்ளிப்போயிற்று என்றே கொள்வார். ஆகவே “20-ஆம் தேதி நடப்பதாக இருந்த கூட்டம் 17-ஆம் தேதியே நடைபெறும்” என்று எழுதுங்கள். அந்த ‘ஏ’கார இடைச்சொல்லும் பழைய தேதியும் உடன் இருந்தால், முன், பின் என்ற இரண்டு சொற்களும் அந்த வாக்கியத்துக்குத் தேவைப்படுவதில்லை.